கல்லுக்கு அடியில் என்ன மண்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பாளையங்கோட்டையில் 1994-ல் கட்டிய சொந்த வீடு. முன்னால் நாற்பதடி அகலம், முப்பதடி நீளத்துக்கு முற்றம். வீட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் பழைய சிமெண்டுத் தளம். மீதி வெறும் மண்; ஒரு பக்கம் வேப்பமரம், மூலையில் கிணறு. கிணற்றுத் தண்ணீர் செடிக்கும் புழக்கத்துக்கும் மட்டும்தான். ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு இப்போது தெரு எங்கள் முற்றத்தைவிட முக்கால் அடி உயரம். ஐப்பசி கார்த்திகையில் முற்றத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறது. சித்திரையில் கிணறு வற்றிப்போகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் முழுவதும் தளம் போட்டுவிடலாம் என்கிறான். தண்ணீரைக் குடிக்கும் கான்கிரீட் என்று ஒரு வீடியோவும் அனுப்பினான். கொத்தனாரோ, "எந்தப் பேவர் போட்டாலும் தண்ணி தன்னால இறங்கிடும்" என்கிறார். எது சரி? கார் ஏறினால் தாங்குமா? தெருவுக்கே இப்படிப் போடச் சொல்லி மனுக் கொடுக்கலாமா? இதெல்லாம் முன்பே செய்திருந்தால் 2023 வெள்ளம் வந்திருக்காதா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

கொத்தனார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பெரும்பாலான முற்றங்கள் அந்த நம்பிக்கையில்தான் மூடப்படுகின்றன. அக்கம்பக்கத்தில் எங்காவது பேவர் பிளாக் வேலை நடந்தால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மண்ணைச் சமப்படுத்தி, மேலே ஒரு லோடு சரள் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குவார்கள். அதன் மேல் இரண்டு அங்குலத்துக்குக் கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது விழும் தூள். அதன் மேல் கல்லை நெருக்கி அடுக்கி, இடுக்கில் எம் சாண்டை (கல்லை அரைத்துச் செய்த மணல்) தூவிப் பெருக்கிவிடுவார்கள். இறுக்கிய சரளும் டஸ்டும் ஈரம் பட்டுப் படிந்துவிட்டால், தண்ணீரைப் பொறுத்தவரை அது சிமெண்டுத் தளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். முதல் மழைக்காலத்தில் இடுக்கு வழியாகக் கொஞ்சம் இறங்கும். இரண்டு மூன்று வருஷத்தில் இடுக்கெல்லாம் புழுதியும் பாசியும் ஏறி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பெய்கிற மழை தெருவுக்குத்தான் ஓட வேண்டும். உங்கள் தெரு உயரமாக இருப்பதால், அது உங்கள் படிக்கட்டுக்கு வரும். எனவே சாதாரண முறையில் பேவர் போட்டால், இப்போது நிற்கும் தண்ணீர் இன்னும் அதிகமாகத்தான் நிற்கும்.

மகன் அனுப்பிய வீடியோ, 2015-ல் பிரிட்டனில் ஒரு நிறுவனம் வெளியிட்டது என்று நினைக்கிறேன். லாரியிலிருந்து நிமிடத்துக்கு 4,000 லிட்டர் ஊற்ற ஊற்ற, தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. மணலே சேர்க்காமல், ஒரே அளவு ஜல்லியும் சிமெண்டும் கொஞ்சம் தண்ணீரும் மட்டும் கலந்து போடும் கான்கிரீட் அது. பார்ப்பதற்குக் கடலைமிட்டாய் போல இருக்கும். ஜல்லிக்கு ஜல்லி ஒட்டியிருக்கும், நடுவில் எல்லாம் ஓட்டை. மொத்தக் கன அளவில் 15 முதல் 25 சதவீதம் வரை வெற்றிடம். ஒழுங்காகப் போட்டால் ஒரு சதுர மீட்டர் வழியாக நிமிடத்துக்கு 120 முதல் 320 லிட்டர் வரை இறங்கும்.

இப்போது நம் மழையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயங்கரமான மழை. கண்ணாடியை இறக்கினால் தெருவே தெரியாது. அந்த மழையிலும் ஒரு சதுர மீட்டரில் விழுவது நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்கும் குறைவு. மேல்தளத்தில் 95 சதவீதம் அடைத்துக்கொண்டாலும் அந்த மழையைக் கீழே விட்டுவிடும். ஆனால் அடியில் இருக்கும் மண்? நல்ல செம்மண் கூட மணிக்கு 15 மில்லிமீட்டர் இறக்கினால் அது நல்ல மண். நிமிடக் கணக்கில் சதுர மீட்டருக்குக் கால் லிட்டர். தண்ணீர் தேங்குவது மேலே உள்ள கல்லால் அல்ல, கீழே உள்ள மண்ணின் வேகத்தால். அந்த மண் சாவகாசமாகக் குடித்து முடிக்கும் வரை தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் இடம்தான் கல்லுக்கு அடியில் போடும் ஜல்லிப் படுகை. வீடியோவில் கண்ணில் படாத பகுதி அது. செலவும் வேலையும் அங்கேதான் இருக்கிறது.

ஜல்லிக்குள் அவ்வளவு இடம் இருக்குமா என்று சந்தேகம் வரும். பத்து லிட்டர் வாளியில் கழுவிய முக்கால் அங்குல ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். அளவு போட்ட மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றுங்கள். கிட்டத்தட்ட நான்கு லிட்டர் உள்ளே போய்விடும். ஓரடி கனத்துக்கு இப்படி ஜல்லிப் படுகை போட்டால், தன் மேல் நேராக விழும் மழையில் 12 சென்டிமீட்டரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வாளியில் கிரஷர் டஸ்ட் கலந்த ஜல்லியைப் போட்டு ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் மேலேயே நிற்கும். கிரஷரில் "கழுவிய ஜல்லி வேண்டும், தூசி இருக்கக் கூடாது" என்று நான் ஒவ்வொரு முறையும் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் மண்ணுக்கு வருவோம். நம் நெல்லைச் சீமையில் ஒரே மண் கிடையாது. கயத்தாறு, கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்; முதல் மழையை மடக்மடக்கென்று குடிக்கும். ஆனால் நனைந்து உப்பியபிறகு வெடிப்பு மூடிக்கொள்ளும், ஒரு சொட்டு இறங்குவதே பெரும்பாடு. அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய வேண்டாம். கரிசலில் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற வைத்தால் மண் உப்பிச் சுருங்கிச் சுவரில் விரிசல் விழும். அங்கே படுகையின் அடியில் துளையிட்ட பைப் போட்டுத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மண்ணுக்கு நேர்மாறான குணம். எவ்வளவு ஊற்றினாலும் போய்க்கொண்டே இருக்கும், அங்கே இவ்வளவு கனமான படுகையே தேவைப்படாது. ஆற்றங்கரை ஊர்களில் நஞ்சையை மனையாக்கியிருக்கிறார்கள். மேலே இரண்டடிக்குச் சரள் அடித்து மூடியிருந்தாலும், அடியில் இருப்பது தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து நாற்று நட்ட களிமண். தண்ணீர் இறங்கக் கூடாது என்றுதானே வயலைச் சேறடிப்பது? அப்படிப்பட்ட மனை வாங்கியவர்கள் இந்த வேலையில் இறங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் பல மனைகளில் மேலே செம்மண், கொஞ்சம் கீழே சரள், அதற்குக் கீழே பாறை. பொதுவாக இது சாதகமான அமைப்பு. ஆனால் பாறை எவ்வளவு மேலே ஏறி நிற்கிறது என்பது மனைக்கு மனை மாறும். உங்கள் தெரு கிணற்றுக்காரர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். படுகையின் அடிமட்டத்துக்கும் பாறைக்கும் நடுவில் இரண்டு மூன்று அடியாவது மண் இருக்க வேண்டும்.

யார் என்ன சொன்னாலும், குழி தோண்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள். கார் நிறுத்தப்போகும் இடத்தில் ஓரடிக்கு ஓரடி, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுக்கச் சொல்லுங்கள். மண்வெட்டி இழுத்த இடம் மொழுக்கென்று பூசியது மாதிரி இருக்கும். அதைக் கடப்பாரை நுனியால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். அடியில் ஒரு கை ஜல்லி போட்டு, ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி முழுவதும் ஊற விடுங்கள். மறுபடியும் ஊற்றி ஊற விடுங்கள். காய்ந்த மண் ஆசையோடு குடிக்கும், அதன் முதல் வேகத்தை நம்பக் கூடாது. மூன்றாவது முறை ஊற்றியதும் ஒரு மர ஸ்கேலை நட்டு, அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழியின் பக்கவாட்டிலும் தண்ணீர் ஊறுவதால், வருகிற அளவில் பாதியைத்தான் மண்ணின் உண்மையான வேகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். குழியில் மணிக்கு 30 மில்லிமீட்டர் இறங்கினால் 15 என்று வையுங்கள். பாதியாக்கிய கணக்கு 13-க்கு மேலே வந்தால் தைரியமாகச் செய்யலாம். அதற்குக் கீழே என்றால் அடியில் பைப் தேவைப்படும். ஐந்துக்கும் கீழே என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பது நல்லது.

மண் ஒத்துவந்தது என்று வைத்துக்கொண்டு, உங்கள் முற்றத்துக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

முழுவதையும் மூட மாட்டேன். திறந்து கிடக்கும் மண்ணைவிட மலிவான, நல்ல உறிஞ்சும் தளம் கிடையாது. வேப்பமரம் நிற்கும் பக்கம் அப்படியே இருக்கட்டும். அதன் வேர்ப் பரப்பில் ஒன்றரை அடி தோண்டினால் மரத்துக்கும் கேடு. சுவரை ஒட்டிய பத்தடி சிமெண்டுத் தளத்தையும் உடைக்க வேண்டாம். அஸ்திவாரத்திலிருந்து பத்தடிக்குள் தண்ணீரை ஊற விடக் கூடாது என்பது எல்லா மண்ணுக்கும் பொது விதி. அந்தத் தளம் வீட்டைவிட்டு வெளியே சரிகிறதா என்று மட்டும் பார்த்து, இல்லாவிட்டால் மேல்பூச்சில் சரிவு கொடுங்கள். மிச்சமிருக்கும் இருபதடியில், கிணறு இல்லாத மூலையில் காருக்குப் பத்தடிக்கு இருபதடி, கேட்டிலிருந்து நடந்து வர நான்கடிப் பாதை. மொத்தம் 280 சதுர அடி, அதாவது 26 சதுர மீட்டர். மகன் நினைப்பதில் கால் பங்கு கூட வராது. உங்களுக்கு இது போதும்.

இதற்குப் பேவர் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் போடும் முறை வேறு. பதினேழு அங்குலம் தோண்டி, அடிமண்ணைத் திமிசு போடாமல் விட வேண்டும். வேலையாட்கள் பழக்கதோஷத்தில் இறுக்கிவிடுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள். அடியில் எட்டு அங்குலக் கனத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அதன் மேல் நான்கு அங்குலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் இரண்டு அங்குலத்துக்குக் கால் அங்குலச் சிப்ஸ் என்னும் பொடி ஜல்லி. மணலும் கூடாது, டஸ்டும் கூடாது. ஜல்லியை மட்டும் அடுக்கடுக்காக பிளேட் மெஷின் வைத்து இறுக்கலாம். கல்லோடு கல் கவ்விக்கொள்ளும், வெற்றிடம் பெரிதாகக் குறையாது. பக்கவாட்டில் மண் சரிந்து ஜல்லிக்குள் வராமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி. சுவர்ப் பக்கம் மட்டும் தடித்த பாலித்தீன் ஷீட். நாலாபுறமும் கான்கிரீட் ஓரக்கல் அவசியம், இல்லையென்றால் கார் திரும்பும்போது கல் விலகும். கல்லுக்குக் கல் கால் அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விடும்படி பக்கத்தில் புடைப்பு உள்ள வகை கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். இடைவெளியில் அதே சிப்ஸ்தான், எம் சாண்டைக் கிட்டேயே கொண்டுவர விடாதீர்கள்.

கார் தாங்குமா என்றீர்கள். தாராளமாக. ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரத்தின்படி, இலகு வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டர் கனத்தில் எம் 35 கிரேடு கல் போதும். உங்கள் அடிமண்ணை நாம் இறுக்காமல் விடுவதால் 80 மில்லிமீட்டர் போடச் சொல்வேன். தண்ணீர் லாரியை மட்டும் உள்ளே விட வேண்டாம்.

வீடியோவில் பார்த்த கான்கிரீட்டை ஏன் சொல்லவில்லை என்று மகன் கேட்பார். அது நல்ல பொருள்தான். ஆனால் அதைப் போடுவதற்குத் தனிக் கை வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் சிமெண்டுப் பால் வடிந்து அடியில் போய் ஒரு பூச்சாகப் படிந்து ஓட்டையை அடைத்துவிடும். குறைந்தால் ஜல்லி உதிரும். வைப்ரேட்டர் போடக் கூடாது, கரண்டியால் மழமழவென்று தேய்க்கக் கூடாது. போட்ட இருபது நிமிடத்துக்குள் பாலித்தீன் ஷீட்டால் மூடி ஏழு நாள் திறக்காமல் வைக்க வேண்டும். நம் வெயிலிலும் காற்றிலும் இது சுலபமில்லை. நம் கொத்தனார்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் கை பழகியிருப்பது தேய்த்து மெருகேற்றும் வேலைக்கு. இந்தக் கான்கிரீட்டில் அந்தத் திறமையே குறுக்கே நிற்கும். பேவர் கல் என்றால், ஒரு இடத்தில் கோளாறு வந்தால் பத்துக் கல்லை எடுத்துச் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம்.

இனி கணக்கு. ஒரே இரவில், எட்டு மணி நேரத்தில், 10 சென்டிமீட்டர் மழை என்று வையுங்கள். நம் 26 சதுர மீட்டரில் நேராக விழுவது 2,600 லிட்டர். சுவரோரச் சிமெண்டுத் தளம் 37 சதுர மீட்டர். அதிலிருந்து வழிந்து வருவது 3,700 லிட்டர். ஆக 6,300. படுகை பிடித்து வைப்பது 3,100 லிட்டர். மண் மணிக்கு 15 மில்லிமீட்டர் வீதம் எட்டு மணி நேரத்தில் குடிப்பது இன்னொரு 3,100. கிட்டத்தட்டச் சரியாகப் போய்விட்டது. ஆனால் மொட்டைமாடித் தண்ணீரையும் இதிலேயே விட்டால் என்ன ஆகும்? ஆயிரம் சதுர அடி மாடி என்றால் இன்னும் 9,000 லிட்டருக்கு மேல் வந்து விழும், படுகை திணறிவிடும். மாடித் தண்ணீர் கிணற்றுக்குப் போக வேண்டியது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட பைப் உங்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும். அதன் வடிகட்டித் தொட்டியைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொட்டியில் இலையும் பல்லி முட்டையும்தான் இருக்கின்றன. மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட்டு அதைச் சரிசெய்யுங்கள். சித்திரையில் கிணறு வற்றாமல் இருக்க உங்களுக்கு அதிகம் கைகொடுக்கப்போவது அந்தப் பழைய பைப்தான். முற்றத்துப் படுகை அதற்குத் துணை.

படுகை நிரம்பினால் தண்ணீர் போக ஒரு வழி இருக்க வேண்டும். வழக்கமாக வாறுகாலில், அதாவது தெருச் சாக்கடையில், பைப்பை விடுவோம். உங்கள் தெரு உயரம் என்பதால், பெருமழையில் வாறுகால் நிறையும்போது தண்ணீர் அதே பைப் வழியாக உள்ளே திரும்பி வரும், சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு. அதனால் படுகையின் மேல்மட்டத்திலிருந்து நாலங்குல பைப் ஒன்றை மண்பக்கம் விடுங்கள். அங்கே மரத்தடியை விட்டுத் தள்ளி, சுற்றியுள்ள தரையைவிட முக்கால் அடி தாழ்வாக ஒரு பாத்தி வெட்டி, வாழையோ கல்வாழையோ வையுங்கள். அதன் நடுவில் ஒரு உறிஞ்சுகுழி. தண்ணீர் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாளுக்குள் வற்றிவிட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் பயமில்லை. கேட்டுக்கு உள்பக்கம் தெருவைவிட உயரமாக மேடு ஒன்று கட்டாயம் போடுங்கள். தெருத் தண்ணீர் மண்ணும் சாக்கடையும் கலந்து வரும். ஒருமுறை உள்ளே வந்தால் சிப்ஸ் இடுக்கு பாழ்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்பது ஒரு நிம்மதி. குடிக்கும் கிணறாக இருந்தால், கார் நிற்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் நூறடி இடைவெளி கேட்கிறார்கள் வெளிநாட்டு வழிகாட்டிகளில். நம் மனைகளில் அது நடக்காது. ஒன்றிரண்டு சொட்டு எண்ணெயை ஜல்லியும் அதில் படியும் நுண்ணுயிரும் பிடித்துக்கொள்ளும். ஆனால் சோப்புப் போட்டுக் கார் கழுவுவதை அதன் மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பு பற்றி யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். இந்தத் தளத்துக்கு எதிரி புழுதி. பங்குனியில் வேப்பம்பூ உதிர்ந்து இடுக்கில் போய் உட்காரும். அதன் மேல் ஆனி ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். இரண்டும் சேர்ந்து மழையில் நனைந்தால் பசை. வாரம் ஒருமுறை ஈர்க்குமாறால் காய்ந்தபடியே பெருக்கி அள்ளிவிடுங்கள், தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டாம். புரட்டாசியில், காற்று அடங்கி மழை தொடங்கும் முன், ஒரு ஆளை வைத்து இடுக்கில் மேலாக ஒரு அங்குலச் சிப்ஸைக் கம்பியால் கிளறி எடுத்து, சலித்துக் கழுவித் திரும்பப் போடச் சொல்லுங்கள். பிரஷர் பம்ப் இருந்தால் சாய்வாகப் பிடித்து அடிக்கலாம், நேராக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். வீட்டில் எந்தப் பூச்சு வேலை நடந்தாலும் அதன் மேல் மணல் கொட்டவோ கலவை போடவோ விடாதீர்கள். ஒரு நாள் கலவை போதும், அந்த இடம் நிரந்தரமாக மூடிவிடும்.

இன்னொன்று, வாசல். சாணி தெளித்துக் கோலம் போடும் இடத்தில் இந்தத் தளம் வேண்டாம். சாணிக் கரைசலும் கோலப்பொடியும் தினமும் இடுக்கில் இறங்கினால் ஆறு மாதத்தில் அடைத்துவிடும். மார்கழியில் கேட்கவே வேண்டாம். கேட்டுக்கு வெளியே நான்கடிக்கு வழவழப்பான சிமெண்டு வாசல் தனியாக இருக்கட்டும், கோலமும் நன்றாக விழும்.

2023 பற்றிக் கேட்டீர்கள். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. நமக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையையே தாண்டிய அளவு. நாம் போடும் படுகையின் கொள்ளளவு 12 சென்டிமீட்டர். அது மட்டுமில்லை, நெல்லை வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் ஏறியது வீட்டு முற்றத்துத் தண்ணீர் அல்ல. மலையிலும் அதன் அடிவாரத்திலும் பெய்ததைச் சுமந்து வந்த தாமிரபரணி. 1992 நவம்பரிலும் ஆறு இப்படித்தான் பெருகியது. ஊரில் உள்ள அத்தனை முற்றமும் உறிஞ்சும் தளமாக இருந்திருந்தாலும் அந்த வெள்ளம் வந்தேதான் இருக்கும். அதைச் சொல்லி இந்தக் கல்லை விற்பவர்களை நம்பாதீர்கள். இந்தத் தளம் வருஷாவருஷம் பெய்யும் மூன்று, ஐந்து, எட்டு சென்டிமீட்டர் மழைகளுக்கானது. நம் பக்கம் பெய்யும் மழையில் பெரும்பங்கு அப்படித்தான் வருகிறது, இப்போது அதுவும் வாறுகால் வழியாக ஓடி வீணாகிறது.

தெருவுக்கே போடச் சொல்லலாமா? வண்டி ஓடும் பகுதிக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நம் தெருக்களில் மணல் லாரி போகும், ஜல்லி கொட்டுவார்கள், குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் மாறி மாறித் தோண்டுவார்கள். தோண்டிய இடத்தைச் சரளும் டஸ்டும் போட்டு மூடினால் அந்த இடத்தோடு படுகை செத்தது. ரோட்டோரம் இரண்டு மூன்றடிப் பட்டை, நடைபாதை, பள்ளி வளாகம், கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடம் — இவற்றுக்குக் கேளுங்கள், நியாயமாக இருக்கும். அங்கெல்லாம் பாரம் குறைவு, இடம் அதிகம், தோண்டுவதும் அரிது. மண்டபம் கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: அரை ஏக்கரை டஸ்ட் போட்டு மூடுவதற்கு முன் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் தெரு சார்பில் முதல் மனு வேறொன்றுக்குப் போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, அதிகாரிகளுக்கு எழுதினார். அதைக் குறிப்பிட்டு, அடுத்த முறை ரோடு போடும் முன் சுரண்டச் சொல்லி வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிலும் எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்கள் முற்றம் பள்ளமானதற்குக் காரணம் உங்கள் முற்றம் இல்லை. மனுவிலேயே இன்னொரு வரி சேருங்கள்: உங்கள் வாறுகால் எந்தக் குளத்தில் அல்லது எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது, நடுவில் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள். நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் அவற்றின் குளங்களும் ஒரு காலத்தில் ஊர் மழையை வாங்கிக்கொண்டன. புதிய பேருந்து நிலையம் நிற்பது வேய்ந்தான்குளத்தில். குளத்துக்குப் போகும் ஓடை திறந்திருந்தால்தான் தெருத் தண்ணீர் நகரும், எந்தக் கல் போட்டாலும் அந்த ஓடைக்கு அது மாற்று இல்லை.

செலவு பற்றி ஒரு வார்த்தை. கல்லின் விலை சாதாரணப் பேவரோடு பெரிதாக மாறாது. தோண்டும் கூலியும், தோண்டிய மண்ணை அப்புறப்படுத்துவதும், கழுவிய ஜல்லியும்தான் கூடுதல். முழு முற்றத்தையும் மூடாமல் கால் பங்கு மட்டும் செய்வதால், மகன் போட்டு வைத்திருக்கும் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும் என்று நம்புகிறேன். கான்ட்ராக்டரிடம் விலை கேட்கும்போது அடுக்குகளின் கனத்தையும் "டஸ்ட் இல்லை, அடிமண்ணில் திமிசு இல்லை" என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

குழிக் கணக்கை எடுத்ததும் எனக்கு எழுதுங்கள், டீச்சர். மூன்றாவது முறை ஊற்றிய தண்ணீர் அரைமணிக்கு எவ்வளவு இறங்கியது, எத்தனை அடியில் சரள் தட்டியது, இந்த இரண்டு மட்டும் போதும். பைப் தேவைப்படும் என்றால் அது எந்த மட்டத்தில், எந்தப் பக்கம் என்று படம் போட்டு அனுப்புகிறேன். ஆடிக்குள் அனுப்பினால் ஆவணியில் வேலையை முடித்துவிடலாம்.